மார்கழி மலைக்கு ஒரு மிலிட்டரி ஸ்வெட்டர்

மார்கழி பிறந்து ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு நானும் என் மனைவி தனமும் சித்தூர் கடைத்தெருவில் ஒரு பழைய துணிக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தோம். யுத்தம் முடிந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் பட்டாளத்துச் சாமான்கள் அங்கே வந்துகொண்டுதான் இருந்தன. கடைக்காரர் பச்சை நிறத்தில் முழுக்கை ஸ்வெட்டர் ஒன்றை உதறிக் காட்டினார். வலது முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. நாலு ரூபாய் என்றார். பேரம் பேச எனக்குப் பொறுமை இல்லை. கூடவே ஒரு மப்ளரும் ஒரு கறுப்புக் கம்பளியும் வாங்கினேன். ஸ்வெட்டர் ஆண்பிள்ளை அளவாக இருக்கிறதே என்று தனம் தயங்கினாள். பெரிதாக இருந்தால்தான் உள்ளே இரண்டு ரவிக்கை போட்டுக்கொள்ள இடம் இருக்கும் என்று சொன்னேன்.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் காரணம் உண்டு. போன வருஷம் ஐப்பசி மழையில் தனத்துக்கு நிமோனியா கண்டது. சித்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். அப்போது என் மாமியார், மகள் பிழைத்தெழுந்தால் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி முடி கொடுப்பாள் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். வேண்டுதலைத் தீர்க்காமல் இன்னொரு மழைக்காலமும் போய்விட்டது. ஊரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூட மாமியார் என்னைத்தான் பார்த்தார். கடைசியில் எங்கள் மூன்று வயதுப் பெண்ணை அவரிடம் பாலசமுத்திரத்தில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் கிளம்பிவிட்டோம்.

கடைக்கு வருமுன் தனத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் போயிருந்தோம். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, தாராளமாக நடக்கலாம், நடப்பது நல்லதுதான் என்றார். எழுந்திருக்கும்போது, "நெஞ்சுல குளிர் ஏறாம பாத்துக்குங்க வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் எனக்குக் காதில் நின்றது அந்த ஒரு வாக்கியம்தான்.

பிற்பகல் ஒரு மணிக்கு ரயில். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் நாற்பத்தைந்து மைல். சின்ன வண்டி, அவசரம் தெரியாத வண்டி. எதிரே பாகாலா போகும் புளி வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். நான் பாலசமுத்திரம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்ததும், எல்லாரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார்.

"உங்க ஊரு இங்கியே நிக்குமா சார், மெட்ராஸ் பக்கம் போயிடுமா?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. ஆந்திரா தனி மாநிலமான நாளிலிருந்து எல்லைப் பேச்சு ஓயவில்லை. ஒரு வாரம் எங்கள் ஊர் அங்கே என்பார்கள், மறு வாரம் இங்கே என்பார்கள். வீட்டுக்கு வீடு என்ன பாஷை பேசுகிறார்கள் என்று கணக்கெடுக்கப் போகிறார்கள் என்றும் ஒரு வதந்தி. பள்ளிக்கூடம் என்னாகும், என் வேலை என்னாகும் என்று பல நாள் யோசித்து ஓய்ந்துவிட்டேன். அந்த விஷயத்தில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தனத்தின் மப்ளர் நழுவியிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்தேன். பாகாலாவில் இறங்கும்போது வியாபாரி தனத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று தெலுங்கில் கேட்டுவிட்டுப் போனார். வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குத் திருப்பதி. ஒரு சத்திரத்தில் இடம் கிடைத்தது. மலையின் மேல்பாதி தெரியவில்லை. மேகம் வந்து அப்படியே உட்கார்ந்திருந்தது. மேலே நேற்றெல்லாம் தூறல் என்று சத்திரத்துக் காவல்காரர் சொன்னார். பஸ்ஸில் போய்விடலாமா என்று தனத்தைக் கேட்டேன். நடக்கிறேன் என்று வேண்டிக்கொண்டதை எப்படி பஸ்ஸில் தீர்ப்பது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்கால். அலிபிரி. தனம் சத்திரத்துக் கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். வேண்டுதலாயிற்றே, குளிக்காதே என்று சொல்ல முடியவில்லை. கூந்தல் காய நேரம் இல்லை. ஈரத்தோடு பின்னிக்கொண்டாள். அதன் மேல் மப்ளரைச் சுற்றினேன். இரண்டு ரவிக்கை, கெட்டிப் புடவை, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே கம்பளி. காலுக்கு மேஜோடு போட்டுக்கொள்ளச் சொன்னதை மட்டும் அவள் கேட்கவில்லை.

முதல் படியில் கற்பூரம் ஏற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, தொட்டுக் கும்பிட்டோம். எங்களுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் அதையே செய்துகொண்டிருந்தார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், ஒன்பது கஜம் புடவை, இடுப்பில் செருகிய பழைய சால்வை, கையில் ஒரு துணிப்பை. பெயர் வேதவல்லி. கணவர் மலைமேல் கோயிலில் கைங்கரியம் செய்பவர். பஸ்ஸில் ஏறினால் தலைசுற்றும் என்பதால் மாதம் இரண்டு தடவையாவது நடந்துதான் போகிறாராம். தனத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு சுத்திண்டு ஏறினா வேர்த்துக் கொட்டுமே" என்றார்.

நிமோனியா வந்து பிழைத்த உடம்பு, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று பதில் சொன்னேன். என் குரலில் இருந்த கறார் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சரி என்று தலையசைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

மலைமேல் இருக்கும் ஊருக்கு ஏழு மைல் என்கிறார்கள். முதல் பகுதிதான் செங்குத்து. மூச்சுவிட இடம் கொடுக்காமல் படிக்குமேல் படி. போகாதவர்கள் தெரிந்துகொள்ள ஒன்று சொல்கிறேன்: மார்கழியானாலும் அந்தப் படிகளில் கால் மணி நேரத்துக்குமேல் குளிர் தெரியாது. எனக்கே வேட்டி தொடையில் ஒட்டிக்கொண்டது. ஆறரை மணிக்கு ஒரு மண்டபத்தில் நின்றபோது தனத்தின் முகம் அடுப்பெதிரே உட்கார்ந்தவள் முகம்போல் சிவந்திருந்தது. கம்பளியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். கம்பளியை மட்டும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். ஏழு மணிக்கு மறுபடி நின்றோம்.

"உள்ள எல்லாம் நனஞ்சி போச்சிங்க. இந்த ஸ்வெட்டரக் கயட்டிக்கினு வரேன்" என்றாள்.

வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால்தான் ஜன்னி காணும், மேலே போய்க் கழற்றலாம் என்றேன். அவள் வாதாடவில்லை. ஏறினாள். அவள் பேசாமல் ஏறுவதை நல்ல அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டே கால் மணிக்குக் காலி கோபுரம். தெலுங்கில் காலி என்றால் காற்று. பெயரைக் கேட்டபோது புரியாதது, அங்கே கால் வைத்ததும் புரிந்தது. கீழே மரங்கள் தடுத்துக்கொண்டிருந்த காற்று முழுதும் அந்த ஒரு வாசலுக்காகக் காத்திருந்ததுபோல் அடித்தது. மேகத்துக்குள் நின்றோம். பத்தடிக்கு அப்பால் ஆள் முகம் தெரியவில்லை. தூறல் மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. ஒரு தூணோரமாகத் தனத்தை உட்காரவைத்து, கட்டிக்கொண்டு வந்த இட்லியைப் பிரித்தேன்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நடுங்க ஆரம்பித்திருந்தாள். கம்பளியை எடுத்து ஸ்வெட்டருக்கு மேல் சுற்றினேன். நடுக்கம் நிற்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தேன். பிடிக்க முயன்றாள். விரல்கள் மடங்கவில்லை. சொம்பு கீழே விழுந்து உருண்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது.

"பாப்பா துன்னுச்சா?" என்று கேட்டாள்.

பாப்பா ஊரில் இருக்கிறாள், அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோமே என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். மறுபடியும், பாப்பாவுக்குச் சோறு வைத்தீர்களா என்று குழறினாள். போன வருஷம் ஐப்பசியில் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோதுகூட அவள் இப்படிப் பேசியதில்லை.

எழுந்து யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. யாரை, என்ன சொல்லி என்று தெரியவில்லை. அதற்குள் ஆளைத் தூக்கிப்போகும் டோலிக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவன், "கிந்தகா, பைகா சாமி?" என்றான். கீழேயா மேலேயா என்பது கேள்வி. கீழே என்றால் அந்தச் செங்குத்துப் படிகளில் இரண்டு மணி நேரம் காற்றில் தொங்க வேண்டும். மேலே என்றால் இன்னும் அதிகக் குளிர்.

எங்களுக்கு முன்னால் ஏறிப்போயிருந்த வேதவல்லி அம்மாள் மண்டபத்து உட்புறமிருந்து வந்தார். வந்தவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தனத்தின் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு மப்ளரை விலக்கிப் பின்னலைப் பிடித்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"மேலே மேலே போர்த்தி என்ன பண்றது, உள்ளே பூரா ஈரமா இருக்கே. எல்லாத்தையும் அவிழ்க்கணும். கம்பளியை விரிச்சுப் பிடிங்கோ. அந்தண்டை திரும்பி நில்லுங்கோ" என்றார்.

மண்டபத்தின் மூலையில், காற்றுப் படாத இடத்தில், இரண்டு கையையும் உயர்த்திக் கம்பளியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். டோலிக்காரர்களும் முதுகைத் திருப்பிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்று காற்றை மறைத்தார்கள். ஈரத்துணிகள் ஒவ்வொன்றாகக் கல்லில் விழும் சத்தம் கேட்டது. அதைவிடத் தெளிவாகத் தனத்தின் பற்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

வேதவல்லி அம்மாள் தம் பையைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்த உலர்ந்த புடவையை எடுத்தார். ஓரக்கண்ணில் தெரிந்தது. மேலே போய்க் குளித்துவிட்டுத் தளிகை என்னும் சமையல் வேலைக்குக் கட்டிக்கொள்ள வைத்திருந்த மடிப்புடவை. அவர்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். பிறத்தியார் விரல் பட்டாலே அதை மறுபடி நனைக்க வேண்டும். வேண்டாம் அம்மா, மடிப்புடவையாயிற்றே என்றேன்.

"மடியை நாளைக்குப் பாத்துக்கலாம். முதல்ல இந்தப் பொண்ணு உடம்பு காயட்டும்" என்றார்.

புடவையை உடம்பைச் சுற்றி இரண்டு மடிப்பாகக் கட்டினார். தம் சால்வையால் தலையையும் காதையும் மூடினார். பிறகு என்னிடமிருந்து கம்பளியை வாங்கிப் பாதியைக் கல்லில் விரித்து, அவளை அதன்மேல் உட்காரவைத்து, மீதியைச் சுற்றித் தாமும் உள்ளே ஒட்டி உட்கார்ந்துகொண்டார். கோபுரத்துக்குப் பின்னால் ஒரு காபிக்கடை இருந்தது. சுக்கும் வெல்லமும் போட்ட பாலை வாங்கிவரச் சொன்னார். ஒரு டம்ளர் இரண்டணா. டம்ளரைத் தனமே பிடிக்கும்படி அவள் விரல்களின்மேல் தம் கையை வைத்து மூடிக்கொண்டார்.

அரை மணி நேரம் அப்படிப் போயிற்று. நான் ஸ்வெட்டரைப் பிழிந்து, கடை அடுப்போரம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நிமிஷமும் எட்டி எட்டிப் பார்த்தேன். முதலில் நடுக்கம் அதிகமானதுபோலத் தெரிந்தது. பிறகு விட்டுவிட்டு வந்தது. ஒன்பது மணி வாக்கில் தனம் தானாகவே டம்ளரைத் தூக்கிக் குடித்தாள். அவளிடம் போய் உட்கார்ந்தேன். கீழே போய்விடலாம், வேண்டுதலுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரல் மெலிவாக இருந்தாலும் குழறல் போயிருந்தது.

"என்னிய மூடி மூடித்தான் வெச்சீங்க. ஒரு வருசமா அதான் நடக்குது. எனக்கு வேர்க்குதா, குளுருதான்னு ஒரு வாட்டியாவது என்னியக் கேட்டீங்களா?"

வேதவல்லி அம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கேட்கவில்லை என்பது உண்மை. அவள் கேட்டபோதும் நான் காது கொடுக்கவில்லை.

"நான் மேல போறேன். டோலி வாணாம். நடந்துக்கினே போறேன்" என்றாள்.

மீதி வழியில் நான் கற்றுக்கொண்டதை, மார்கழியில் மலையேறப் போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். வேதவல்லி அம்மாள் பாடமாக எதையும் சொல்லவில்லை, நடந்துகொண்டே செய்துகாட்டினார். நடக்கும்போது கொஞ்சம் குளிர்கிற அளவுக்குத்தான் உடுத்தியிருக்க வேண்டும். வேர்வை பூக்கும் முன் ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். நின்றதும், உட்காருவதற்கும் முன்னால், கம்பளி உடைகளைப் போட்டுக்கொண்டுவிட வேண்டும். பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், உரோமத்துணி நனைந்தாலும் ஓரளவு காக்கும். ஒரு மாற்றுத்துணி எந்நேரமும் நனையாமல் இருக்க வேண்டும். தலையும் காதும் முக்கியம். வயிறு காலியாக இருந்தால் எந்த ஸ்வெட்டரும் சூடு தராது. எங்கள் பொட்டலத்தில் இருந்த இட்லியை நின்ற இடத்திலெல்லாம் ஒவ்வொன்றாகத் தின்னவைத்தார்.

கோபுரத்தைத் தாண்டினால் காட்டுக்குள் சமதரையாகப் பாதை. தனம் புடவையும் சால்வையுமாக நடந்தாள். காய்ந்தும் காயாததுமான ஸ்வெட்டர் என் தோளில். குளிர்கிறதா, வேர்க்கிறதா என்று நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டேன். அவள் கையை நீட்டினால் கொடுத்தேன், நீட்டாவிட்டால் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் ஒரு தடவை இருமினாள். அதற்குப் பிறகு அரை மைல் தூரத்துக்கு நான் காட்டையும் பார்க்கவில்லை, பாதையையும் பார்க்கவில்லை. முழங்கால் முறிச்சான் என்று சொல்லும் கடைசிச் செங்குத்தில் அவள் படிக்குப் படி நின்று ஏறினாள். ஸ்வெட்டரைக் கேட்கவில்லை. உச்சியில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

ஒரு மணிக்குத் திருமலை. வெயில் ஒரு பக்கம், மேகம் ஒரு பக்கம். வேதவல்லி அம்மாள் தம் வீதிக்குத் திரும்பும் இடத்தில் நின்றார். புடவையைத் துவைத்து மாலைக்குள் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றாள் தனம். அவசரமே இல்லை, நன்றாகக் காயவைத்துக் கொடு என்றார் அவர்.

முடி கொடுக்கும் இடத்தில் என் பயம் மறுபடி தலைதூக்கியது. இந்தக் குளிரில், இந்த உடம்போடு, மொட்டைத்தலையா? பெண்கள் மூன்று இணுக்கு முடி மட்டும் கத்தரித்துக் கொடுப்பதும் உண்டு. அல்லது அவளுக்குப் பதில் நான் கொடுக்கலாம். இரண்டையும் சொன்னேன். தனம் யோசித்தாள். முடி என்னுடையது, முழுதாகவே கொடுக்கிறேன் என்றாள். ஆனால் குளத்தில் முழுக்குப் போடுவதில்லை, தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி, பிறகு சத்திரத்தில் வெந்நீர் வாங்கிக்கொள்ளலாம் என்றும் அவளே சொன்னாள். நாவிதரிடம், ஈரத்தை அவ்வப்போது துடைத்துக்கொண்டே சிரைக்கச் சொன்னாள். முடிந்ததும் உலர்ந்த துண்டால் தலையை ஒற்றி, மப்ளரை இறுகக் கட்டிக்கொண்டாள். நான் அந்த மப்ளரைத் தொடவில்லை.

தரிசனம் மாலை ஐந்தரைக்குக் கிடைத்தது. பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. அவள் முதுகு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை, காய்ந்த புடவையையும் சால்வையையும் வேதவல்லி அம்மாளிடம் சேர்த்துவிட்டுப் பஸ்ஸில் இறங்கி, பகல் ரயிலைப் பிடித்துச் சித்தூர் வந்தோம். நேரே டாக்டரிடம் போனோம். முதுகில் குழாயை வைத்து, மூச்சை இழு, விடு என்று நாலைந்து இடத்தில் கேட்டார். இவ்வளவு நேரம் எதற்குக் கேட்கிறார் என்று நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன். கடைசியில் குழாயைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். வழியில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தனத்தைப் பார்த்தேன். அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். என்னைக் காப்பாற்றியும் பேசவில்லை, குற்றம் சொல்லியும் பேசவில்லை. டாக்டர் தம் வார்த்தையை இன்னும் இரண்டு வாக்கியம் நீட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு பாலசமுத்திரம் பஸ். எங்கள் ஊரிலும் மார்கழியில் குளிரும். விடியற்காலை கழனிக்குப் போகிறவன் துண்டைத் தலையில் கட்டிக்கொள்வான். எட்டு மணி வெயிலில் குளிர் எங்கே போனதென்று தெரியாது. குளிர் வெளியிலிருந்து வருவது என்றுதான் அந்த ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியும். நாம் சிந்திய வேர்வையே அரை மணி நேரத்தில் நமக்கு எதிரியாக முடியும் என்பதை, நேசித்த ஒருத்தியின் உதட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

பஸ் கிளம்பியதும் தனம் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள். ஒரு வருஷமாக அவள் தூங்கும்போதெல்லாம் நான் விழித்திருந்து அவள் மூச்சைக் கேட்பது வழக்கம். சீராக வருகிறதா, இடையில் கரகரப்பு இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே படுத்திருப்பேன். அன்றும் கேட்க ஆரம்பித்தேன். பஸ்ஸின் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. கொஞ்ச நேரம் முயன்றேன். பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

தோளைத் தொட்டு யாரோ உலுக்கினார்கள்.

"ஊரு வந்திச்சி. எயுந்திரிங்க. எம்மா நேரமாத் தூங்கிக்கினு வரீங்க" என்றாள் தனம்.